கட்டுப்பாட்டு அமைப்பில் ‘உணர்ச்சி’: பெல்பிக்கா, கற்றல் குமிழ்களா, குறுக்கீடா?

மோட்டாரையோ ரோபோவையோ வெப்ப உலையையோ இயக்கும் மென்பொருளில் உணர்ச்சி சார்ந்த கற்றலைச் சேர்க்கலாமா என்ற கேள்வி எழுந்தால், அந்த உணர்ச்சி எந்த வேலையைச் செய்யப்போகிறது என்பதை முதலில் ஒரு வரியில் எழுதிக்கொள்வது நல்லது. ஆய்வுலகில் இந்த ஒரே பெயரின் கீழ் மூன்று பொறிமுறைகள் உட்கார்ந்திருக்கின்றன. கட்டுப்பாட்டு வெளியீட்டையே நேரடியாக உண்டாக்குவது ஒன்று. மூளையின் உணர்ச்சிக் கற்றலைப் பின்பற்றும் பெல்பிக் என்ற கட்டுப்படுத்தி இந்த வகை. கற்கும் வேகம், புதியதைத் தேடும் துணிச்சல் போன்றவற்றை ரேடியோக் குமிழைத் திருப்புவதுபோல் கூட்டிக் குறைப்பது இன்னொன்று. நடந்துகொண்டிருக்கும் வேலையை நிறுத்திக் கவனத்தை வேறிடம் திருப்புவது மூன்றாவது. ஒரு கோளாறுக்கு இன்னொன்றின் மருந்தைக் கொடுப்பதால்தான் பல திட்டங்கள் பாதியில் கெடுகின்றன.

எங்கள் கணிப்பை முன்பே சொல்லிவிடுகிறோம். பெரும்பாலான அமைப்புகளுக்கு முதலில் தேவைப்படுவது மூன்றாவது. அதிகம் பேசப்படும் முதலாவது, மற்ற எல்லாம் தீர்ந்தபின் கையில் எடுக்க வேண்டியது. ஏன் என்பதற்குக் கணக்கே சாட்சி.

எதிரே நிற்பது எந்த பிஐடி?

எந்த உணர்ச்சி மாதிரியும் முதலில் சாதாரண பிஐடி கட்டுப்படுத்தியோடு (இலக்குக்கும் அளவீட்டுக்கும் உள்ள பிழை, அதன் தொகையீடு, அதன் வகையீடு மூன்றையும் கலந்து வெளியீடு தருவது) மோத வேண்டும். மோதல் நேர்மையாக நடப்பது அரிது. பல ஒப்பீடுகளில் எதிராளியாக நிறுத்தப்படுவது 1942-இல் வெளிவந்த சீக்லர்–நிக்கல்ஸ் விதிப்படி அமைத்த பிஐடி. அமைப்பு ஓயாமல் ஒரே அளவில் அலையத் தொடங்கும் ஆதாயத்தில் (பிழையைப் பெருக்கும் மடங்கு) 0.6 பங்கு, அலைவுக் காலத்தில் பாதி தொகையீட்டு நேரம், எட்டில் ஒரு பங்கு வகையீட்டு நேரம்: இதுதான் விதி. ஒவ்வொரு அலையும் முந்தையதில் கால் பங்காகச் சுருங்கும்படி வகுத்தது. ஆகவே இலக்கைப் பெரிதாகத் தாண்டுவது அந்த விதியின் பிறவிக்குணம். அதைவிட ஓவர்ஷூட் குறைந்தது என்று ஒரு வரைபடம் காட்டினால், அதிலிருந்து உணர்ச்சியைப் பற்றி எதுவும் தெரிந்துவிடவில்லை.

எனவே பிஐடி பக்கத்தில் இவற்றைச் செய்துவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும்: வெளியீடு எல்லையைத் தொட்டதும் தொகையீடு வீங்காமல் தடுப்பது, வகையீட்டுக்கு வடிகட்டி போடுவது, இலக்கு மாறும் இடத்தில் அதன் எடையைக் குறைப்பது. மாதிரி இடைவெளி (எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை அளவீடு எடுப்பது), இயக்கியின் (மோட்டார், வால்வு போன்றவை) எல்லை, சென்சார் இரைச்சல், டியூன் செய்யச் செலவிடும் முயற்சிகளின் எண்ணிக்கை எல்லாம் இரு தரப்புக்கும் ஒன்றாக இருக்கட்டும். பிழையின் கூட்டுத்தொகையோடு, கட்டுப்பாட்டு சமிக்ஞை எவ்வளவு துடித்தது என்பதையும் அளக்க வேண்டும். பிழையை மட்டும் பார்த்தால், வால்வைத் தேய்த்துத் தீர்க்கும் கட்டுப்படுத்திதான் ஜெயிக்கும்.

இந்தப் பிஐடி போதுமென்றால் இங்கேயே நிறுத்திவிடலாம். இயந்திரத்தின் கணித மாதிரி கையில் இருந்து, எல்லைகளும் கடுமையாக இருந்தால், அடுத்துப் பார்க்க வேண்டியது மாதிரி சார்ந்த முன்கணிப்புக் கட்டுப்பாடு. உணர்ச்சி அதற்குப் பின்னால்தான்.

பெல்பிக்: பெயருக்குள் என்ன இருக்கிறது

2000-இல் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யான் மோரேனும் கிறிஸ்டியான் பால்கேனியஸும் மூளையின் அமிக்டலாப் பகுதி எப்படி உணர்ச்சியைக் கற்கிறது என்பதற்கு ஒரு கணக்கீட்டு மாதிரியை முன்வைத்தார்கள். அமிக்டலா ஒன்றைக் கற்றால் எளிதில் மறக்காது. கண்களுக்குச் சற்று மேலே உள்ள ஆர்பிட்டோஃப்ரான்டல் புறணி தேவையில்லாத எதிர்வினையை அடக்கும். 2004-இல் காரோ லூக்காஸும் இரு சகாக்களும் அந்த மாதிரியை அப்படியே கட்டுப்படுத்தியாக மாற்றினார்கள். அதுதான் பெல்பிக்.

சூத்திரம் சிறியது. அமிக்டலா வெளியீடு என்பது உள்ளீட்டை அமிக்டலா எடையால் (கற்கும்போது மாறும் எண்) பெருக்கியது. புறணி வெளியீடு என்பது அதே உள்ளீட்டைப் புறணி எடையால் பெருக்கியது. மொத்த வெளியீடு முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தது. உணர்ச்சி சமிக்ஞை என்பது நிலைமை எப்படி இருக்கிறது என்று சொல்ல வடிவமைப்பாளர் எழுதித் தரும் எண். எடைகள் மாறும் விதம்:

அமிக்டலா எடை மாற்றம் = அதன் கற்றல் வீதம் × உள்ளீடு × (உணர்ச்சி சமிக்ஞை − அமிக்டலா வெளியீடு). அடைப்புக்குள் எதிர்மறை வந்தால் பூஜ்யம்.

புறணி எடை மாற்றம் = அதன் கற்றல் வீதம் × உள்ளீடு × (மொத்த வெளியீடு − உணர்ச்சி சமிக்ஞை).

இரண்டாவது வரியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். மொத்த வெளியீடு உணர்ச்சி சமிக்ஞைக்குச் சமமாகும்போதுதான் கற்றல் நிற்கிறது. அதாவது, கற்று முடித்த பெல்பிக் வெளியே அனுப்புவது நீங்கள் எழுதிக்கொடுத்த உணர்ச்சி சமிக்ஞையைத்தான். அந்தச் சமிக்ஞையைப் பிழை, பிழையின் தொகை, பிழையின் வேகம் ஆகியவற்றின் கலவையாக எழுதினால், சுற்றிவளைத்து வந்து சேர்வது ஒரு பிஐடி. அறிவு முழுவதும் உணர்ச்சி சமிக்ஞையை எழுதியவரின் தலையில் இருக்கிறது. எடைகள் அதை நோக்கி நகரும் பாதையை மட்டும் தருகின்றன.

உணர்ச்சி சமிக்ஞையில் வெளியீட்டையே ஒரு பங்கு கலப்பது வழக்கமான உத்தி. பிழைக்கு ஒரு குணகம், வெளியீட்டுக்கு ஒரு குணகம் என்று வைத்துக்கொண்டால், நிலைத்தபின் கிடைக்கும் ஆதாயம் முதல் குணகத்தை (1 − இரண்டாம் குணகம்) என்பதால் வகுத்ததற்குச் சமம். இரண்டாம் குணகம் 0.5 என்றால் ஆதாயம் 2 மடங்கு, 0.9 என்றால் 10 மடங்கு. சரியாக 1 என்றால் அது தொகையீட்டுக் கட்டுப்படுத்தியாகிவிடும். 1-ஐத் தாண்டினால் வெளியீடு தன்னைத் தானே வளர்த்துக்கொண்டு ஓடும். 0.95-ஐ 0.98 ஆக்கினால் ‘கொஞ்சம்தானே’ என்று தோன்றும்; ஆதாயம் 20-லிருந்து 50-க்குத் தாவியிருக்கும்.

அடுத்த வழுக்கல், உள்ளீட்டுத் தேர்வு. பிழையை மட்டும் உள்ளீடாகக் கொடுத்தால், பிழை பூஜ்யத்தை நெருங்கும்போது இரண்டு வெளியீடுகளும் பூஜ்யமாகும். ஆனால் வெப்ப உலையை 200 டிகிரியில் நிறுத்த ஹீட்டருக்கு இடைவிடாத மின்சாரம் வேண்டும். வெளியீடு பூஜ்யமாக முடியாது. எனவே சிறு பிழை ஒன்று மிஞ்சும். அதை ஈடுகட்ட எடைகள் ஓயாமல் பெருகும். உள்ளீட்டில் பிழையின் தொகையோ இலக்கு மதிப்போ ஏதாவது ஒன்று பூஜ்யமாகாமல் இருக்க வேண்டும் என்பது இதனால்தான். இலக்கு மதிப்பைக் கொடுத்தால் வேறொரு விலை: கற்கும் வேகம் உள்ளீட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. உள்ளீடு 1 ஆக இருக்கையில் 0.05 கற்றல் வீதம் சுமார் 20 மாதிரிகளில் (அளவீடுகளில்) நிலைக்கு வரும், உள்ளீடு 0.1 ஆனால் அதே வீதத்துக்கு 2000 மாதிரிகள். விநாடிக்கு 100 மாதிரி எடுக்கும் அமைப்பில் 0.2 விநாடி எங்கே, 20 விநாடி எங்கே!

நிலைத்தன்மைக்கும் இதே வர்க்கம்தான் அளவுகோல். கற்றல் வீதத்தை உள்ளீடுகளின் வர்க்கக் கூட்டுத்தொகையால் பெருக்கினால் வரும் எண், இரண்டு எடைகளுக்கும் தனித்தனியே 2-க்குக் கீழ் இருக்க வேண்டும். எடைகள் முன்னும் பின்னும் ஆடாமலிருக்க 1-க்குக் கீழ். இது கற்றல் விதிக்கு மட்டும் உரிய எல்லை. இயந்திரமும் சுற்றில் சேரும்போது இன்னும் இறுகும். உள்ளீட்டை −1 முதல் 1 வரை சுருக்கி, இந்த எண்ணை 0.05 முதல் 0.1 வரை வைத்துத் தொடங்குவது பாதுகாப்பான தொடக்கம்.

மூன்றாவது வழுக்கல், அமிக்டலாவின் ஒருவழிப் பாதை. எதிர்மறையை வெட்டிவிடுவதால், இரைச்சலின் மேல் பாதி மட்டும் எடையில் சேரும். ஒரே ஒரு சென்சார் துள்ளல், உணர்ச்சி சமிக்ஞையை ஒரு மாதிரிக்கு உயர்த்தினாலும், அந்த உயர்வு எடையில் தங்கிவிடும். புறணி எடை அதை ஈடுகட்டும். அதனால் வெளியீட்டில் உடனே எதுவும் தெரியாது. இரண்டு எடைகளும் கைகோத்து மேலே ஏறிக்கொண்டே போகும். முழு எண் கணக்கில் இயங்கும் மைக்ரோகண்ட்ரோலரில் ஒரு நாள் எல்லையை முட்டி, வெளியீடு திடீரென்று குதிக்கும். வெளியீட்டை மட்டும் பதிவு செய்பவருக்கு இது காரணமில்லாக் கோளாறாகத் தெரியும். எடைகளையும் பதிவு செய்தால் பல மணி நேரம் முன்பே கண்ணில் படும். மாற்று: சிறு வேறுபாட்டைக் கண்டுகொள்ளாத ஒரு மௌன மண்டலம், எடைக்கு மேல் எல்லை, ஒவ்வொரு மாதிரிக்கும் எடையில் ஒரு சிறு கசிவு. கசிவு வைத்தால் ‘மறக்காத அமிக்டலா’ என்ற மூலக் கருத்தே போய்விடுகிறது என்று உயிரியல் ஆர்வலர்கள் முணுமுணுப்பார்கள். இயந்திரம் ஓட வேண்டுமே.

அதே வெட்டு இன்னொன்றையும் செய்கிறது. உணர்ச்சி சமிக்ஞை மேலே போகும்போது இரண்டு எடைகளும் கற்கும். கீழே வரும்போது புறணி மட்டும். எனவே இலக்கை உயர்த்தும்போது ஒரு வேகம், இறக்கும்போது வேறு வேகம். மேல்நோக்கிய படி உள்ளீட்டை (இலக்கைத் திடீரென உயர்த்துவதை) மட்டும் சோதித்துவிட்டு முடித்தவர்களுக்கு இது தெரியவே தெரியாது.

பிறகு ஏன் பெல்பிக்? சில இடங்களில் அது உண்மையிலேயே பொருந்தும். ஒரே உள்ளீடு, ஒரே வெளியீடு, சுமையோ உராய்வோ மெதுவாக மாறும் இயந்திரம், கணித மாதிரி கிடைக்காத நிலை, மலிவான செயலி. ஒற்றை உள்ளீட்டுக்கு ஒரு மாதிரிக்குப் பத்துக்கும் குறைவான பெருக்கல்கள் போதும். அப்போதும் தனியாக விடக்கூடாது. எடைகள் பூஜ்யத்தில் தொடங்குவதால் முதல் சில விநாடிகள் இயந்திரத்துக்குக் கட்டுப்பாடே இருக்காது. நன்றாக டியூன் செய்த பிஐடியை அடியில் ஓடவிட்டு, பெல்பிக் வெளியீட்டை இயக்கி எல்லையின் 20 சதவீதத்துக்குள் அடைத்து அதோடு கூட்டுங்கள். குணகங்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும்: உள்ளீட்டுக் கலவைக்கு மூன்று, உணர்ச்சி சமிக்ஞைக்கு மூன்று, கற்றல் வீதங்கள் இரண்டு, மொத்தம் எட்டு. பிஐடிக்கு மூன்றுதான். எட்டுக் குமிழ்களைத் திருப்பி மூன்று குமிழ்களை வென்றதில் வியப்பில்லை.

கற்றல் குமிழ்களைத் திருப்பும் உணர்ச்சி

உங்கள் அமைப்பு வலுவூட்டல் கற்றலில், அதாவது செயலுக்குக் கிடைக்கும் வெகுமதியைப் பார்த்துக் கற்கும் முறையில், இயங்குகிறது என்றால் பேச்சே வேறு. கெஞ்சி டோயா 2002-இல் மூளையின் நான்கு வேதிப்பொருள்களை நான்கு கற்றல் அளவுகளோடு பொருத்தினார்: டோபமைன் வெகுமதி கணிப்புப் பிழைக்கு, செரோட்டோனின் எதிர்கால வெகுமதியை எவ்வளவு தூரம் கணக்கில் கொள்வது என்பதற்கு, நாரட்ரினலின் தேர்வில் எவ்வளவு தற்செயல் என்பதற்கு, அசிட்டைல்கோலின் கற்கும் வேகத்துக்கு. உயிரியலாக இது எவ்வளவு சரி என்பது ஒருபுறம் இருக்கட்டும். பொறியாளருக்கு இது நான்கு குமிழ்களின் நல்ல வரைபடம்.

செய்முறை எளிது. வெகுமதிக்கு இரண்டு நகரும் சராசரிகள்: ஒன்று வேகமானது, ஏறக்குறைய 50 படிகள், ஒன்று மெதுவானது, 500 படிகள். வேகமானது மெதுவானதைவிடக் கீழே இறங்கினால் ‘நிலைமை மோசமாகிறது’, தேடலைக் கூட்டு. மேலே இருந்தால் தெரிந்ததையே செய். வேறுபாட்டை வெகுமதியின் திட்ட விலக்கத்தால் வகுத்த பின்னரே பயன்படுத்துங்கள்; இல்லையெனில் வெகுமதியின் அலகை மாற்றிய அன்றே அமைப்பின் ‘குணம்’ மாறிவிடும்.

இதில் கெடுவது எங்கே என்று பார்த்தால், தனக்குத்தானே ஊட்டிக்கொள்ளும் சுழலில். தேடல் கூடினால் தற்காலிகமாக வெகுமதி குறையும். குறைந்ததைப் பார்த்து உணர்ச்சி இன்னும் தேடச் சொல்லும். இன்னும் குறையும். தப்பிக்க வழி: சிறந்தது என்று கருதிய செயலைத் தேர்ந்த படிகளின் வெகுமதியை மட்டும் சராசரிகளில் சேர்ப்பது. அதோடு தேடல் அளவுக்கு ஒரு மேல் எல்லையும், காலப்போக்கில் அடிநிலைக்குத் திரும்பும் தளர்வும் வேண்டும்.

எதிர்காலத் தள்ளுபடியை (பின்னால் வரும் வெகுமதியை ஒவ்வொரு படிக்கும் குறைத்து மதிப்பிடும் பெருக்கல் எண்) தொடும்போது இரட்டிப்புக் கவனம். 0.9 என்றால் பார்வை தோராயமாக 10 படிகள், 0.99 என்றால் 100. விநாடிக்கு 20 முடிவுகள் எடுக்கும் ரோபோவுக்கு முதலாவது அரை விநாடி, இரண்டாவது 5 விநாடி. இதை ஓட்டத்தின் நடுவில் மாற்றினால், இதுவரை கற்ற மதிப்புகள் எல்லாமே தவறாகிவிடும். கணிப்புப் பிழை திடீரென்று எகிறும். அந்தப் பிழையைப் பார்த்து இன்னொரு குமிழ் கற்றல் வேகத்தைக் கூட்டினால், இருந்த கொஞ்ச அறிவும் அழியும். இரண்டையும் ஒரே நேரத்தில் திருப்பாதீர்கள். பெரும்பாலான பணிகளுக்குத் தேடல் குமிழ் ஒன்றே போதும் என்பது எங்கள் கருத்து.

பயம், ஆர்வம் போன்றவற்றை நேரடியாக வெகுமதியில் கூட்டுவது இதன் ஒன்றுவிட்ட உறவு. சுவருக்கு அருகே போனால் −1 என்று பயத்தைச் சேர்த்தால், ரோபோ அறையின் நடுவில் நின்று அசையாமலிருப்பதே சிறந்த கொள்கை (எந்த நிலையில் எதைச் செய்வது என்ற விதி) என்று கற்றுக்கொள்ளக்கூடும். ஆண்ட்ரூ என்ஜி, டைஷி ஹராடா, ஸ்டூவர்ட் ரஸல் 1999-இல் நிரூபித்த வடிவத்தைப் பின்பற்றுங்கள்: நிலைக்கு ஒரு மதிப்பு வைத்து, (தள்ளுபடி × அடுத்த நிலை மதிப்பு − இப்போதைய நிலை மதிப்பு) என்பதை மட்டும் கூட்டினால் சிறந்த கொள்கை மாறாது. பணி முடியும் நிலையில் அந்த மதிப்பு பூஜ்யமாக இருக்க வேண்டும் என்பதை மறப்பவர்கள் நிறைய. ஆர்வத்துக்கோ தனிப் பொறி ஒன்று உண்டு: கணிப்புப் பிழையை வெகுமதியாக்கினால், கணிக்கவே முடியாத இரைச்சல் சென்சார் ஒன்றின் முன் ரோபோ மெய்மறந்து நிற்கும். பிழையின் அளவை விட்டுவிட்டுப் பிழை குறையும் வேகத்தை வெகுமதியாக்குவது 1991-இலேயே யுர்கன் ஷ்மிட்ஹூபர் சொன்ன தீர்வு.

குறுக்கீடு: அடக்கமான, பயனுள்ள வழி

ஹெர்பர்ட் சைமன் 1967-இல் உணர்ச்சியை ஒரு குறுக்கீட்டுப் பொறிமுறையாக விளக்கினார்: வரிசையாக ஒரு வேலையைச் செய்துகொண்டிருக்கும் அமைப்பை, அவசரத் தேவை ஒன்று வந்ததும் இடைமறித்து முன்னுரிமையை மாற்றுவது. கணினிப் பொறியாளருக்கு இது தெரிந்த மொழி. இந்த உணர்ச்சி எதையும் கற்க வேண்டியதில்லை, எடைகள் இல்லை, சரிபார்க்க எளிது.

கட்டும் முறை: இயந்திரத்தின் அடுத்த அளவீட்டை எளிய மாதிரி ஒன்றால் கணியுங்கள். கணிப்புக்கும் அளவீட்டுக்கும் உள்ள வேறுபாட்டைச் சாதாரண ஓட்டத்தில் அளந்த திட்ட விலக்கத்தால் வகுத்தால் வருவது ‘வியப்பு’. அது வாசலைத் தாண்டினால் பதற்ற நிலை: இலக்கு வேகத்தைக் குறை, கற்றலை உறையவை, கண்டறியும் பணியை முன்னுக்குக் கொண்டு வா.

வாசல் எங்கே? விநாடிக்கு 100 மாதிரி, இயல்நிலைப் பரவலில் இரைச்சல் என்று வைத்துக்கொள்வோம். 3 திட்ட விலக்கத்தில் வாசல் வைத்தால் ஒரு மாதிரி தவறாகத் தாண்டும் வாய்ப்பு 0.27 சதவீதம், நிமிடத்துக்கு ஏறக்குறைய 16 பொய் அலாரம். 4-இல் வைத்தால் இரண்டரை நிமிடத்துக்கு ஒன்று. 5-இல் வைத்தால் ஏறக்குறைய 5 மணி நேரத்துக்கு ஒன்று. ஆனால் உண்மையான சிறு கோளாறும் தப்பிவிடும். 3-இலேயே வைத்து, தொடர்ந்து மூன்று மாதிரிகள் தாண்டினால் மட்டும் எழுப்பினால், கணக்குப்படி 6 நாளுக்கு ஒருமுறை வரை பொய் அலாரம் அருகிவிடும். விலை வெறும் 20 மில்லிவிநாடித் தாமதம். இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது: இந்தக் கணக்கு அடுத்தடுத்த மாதிரிகள் ஒன்றையொன்று சாராதவை என்ற நம்பிக்கையில் நிற்கிறது. வடிகட்டிய சென்சாரில் அது பொய். வேறுபாடுகளின் தன்தொடர்பைப் பார்த்துவிட்டுத்தான் ‘மூன்று’ என்ற எண்ணை முடிவு செய்ய வேண்டும்.

நுழையும் வாசலும் வெளியேறும் வாசலும் ஒன்றாக இருந்தால் அமைப்பு பதற்றத்துக்கும் அமைதிக்கும் இடையே படபடக்கும். 4-இல் நுழைந்து 2-க்குக் கீழ் வந்தபின் வெளியேறட்டும்; பதற்றம் குறைந்தது சில விநாடிகள் நீடிக்கட்டும். பதற்ற நிலையிலேயே திட்ட விலக்கத்தைப் புதுப்பித்துக்கொண்டிருந்தால் கோளாறே இயல்பாகிவிடும்; அப்போது அமைப்பு பயத்துக்குப் பழகி அமைதியாகிவிடும். மிக ஆபத்தான தவறு இதுதான். அதைவிட ஒரு படி மேலே சொல்ல வேண்டியது: அவசர நிறுத்தம் இந்தக் கணக்கு வழியாகப் போகக்கூடாது. அது தனிச் சுற்று, தனி வயர்.

ஓசிசியும் முகம் படிப்பதும்

1988-இல் ஆர்டனி, க்ளோர், காலின்ஸ் மூவரும் வகுத்த 22 உணர்ச்சி வகைகள் கொண்ட ஓசிசி மாதிரி, பேசும் பாத்திரங்களுக்கும் மனிதரோடு உரையாடும் ரோபோவுக்கும் உதவும். நன்றியுணர்வும் பொறாமையும் வால்வைத் திருப்ப உதவா. மனிதரின் உணர்ச்சியை முகத்திலோ குரலிலோ கண்டறிவதும் வேறு துறை. அதைக் கட்டுப்பாட்டு உள்ளீடாக்க நினைப்பவர்கள் சட்டத்தையும் பார்க்க வேண்டும்: ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் பணியிடங்களிலும் கல்வி நிலையங்களிலும் இதை, மருத்துவ, பாதுகாப்புக் காரணங்கள் நீங்கலாக, 2025 பிப்ரவரியிலிருந்து தடை செய்கிறது.

எதற்கு எது

அமைப்பு வழக்கமான நாளில் நன்றாக ஓடி, எதிர்பாராதது நடக்கும்போது மட்டும் தடுமாறுகிறது என்றால் குறுக்கீடு. கற்கும் அமைப்பு ஒரே வழக்கத்தில் சிக்கிக்கொள்கிறது, அல்லது சூழல் மாறினால் பழையதையே பிடித்துக்கொண்டிருக்கிறது என்றால் தேடல் குமிழ். இயந்திரம் மெதுவாக மாறுகிறது, பிஐடியை அவ்வப்போது கையால் திருத்த வேண்டியிருக்கிறது என்றால் முதலில் ஆதாய அட்டவணை (ஓர் அளவீட்டைப் பார்த்து, முன்பே எழுதிவைத்த குணகங்களுக்கு மாறுவது). மாற்றத்தைக் காட்டும் அளவீடு ஏதும் இல்லாவிட்டால் பெல்பிக். இரண்டைச் சேர்ப்பதென்றால் குறுக்கீட்டை வெளியே வைத்து, அது எழும்போது உள்ளே இருக்கும் கற்றலை உறையவைக்கும்படி கட்டுங்கள். வரிசை மாறினால் கோளாறையே பாடமாகக் கற்றுவிடும்.

எதைத் தேர்ந்தாலும் ஒரு சோதனையைத் தவிர்க்க வேண்டாம். முதல் ஓட்டத்தில் பதிவான உணர்ச்சி சமிக்ஞையின் கால வரிசையைக் கலைத்து, இரண்டாவது ஓட்டத்தில் நேரலைச் சமிக்ஞைக்குப் பதில் அதை ஊட்டுங்கள். சராசரியும் பரவலும் அதே. நேரம் மட்டும் தவறு. மூன்றாவது ஓட்டத்தில் சராசரியை மட்டும் மாறிலியாகக் கொடுங்கள். இவற்றை வெவ்வேறு தற்செயல் தொடக்கங்களில், ஏற்றப் படியும் இறக்கப் படியும் சேர்த்து, குறைந்தது பத்து முறை ஓட்டவேண்டும். மாறிலியும் நேரலையும் ஒரே பலனைத் தந்தால், கிடைத்த முன்னேற்றம் ஒரு நல்ல குணகத்தால் வந்தது. அந்த எண்ணைக் கோப்பில் எழுதிவிட்டு உணர்ச்சிக் குறியீட்டை நீக்கிவிடலாம். கலைத்த சமிக்ஞை மாறிலியைவிட மேலாக இருந்தால், உதவியது வெறும் இரைச்சல். அதைத் தேடல் அளவில் நேரடியாகச் சேர்க்க மலிவான வழிகள் உண்டு. நேரலை இரண்டையும் தெளிவாக மிஞ்சினால் மட்டும் அந்தப் பகுதி மென்பொருளில் இருக்கட்டும்.